சாபத்துக்கும் கணக்கு உண்டு

(பாத்திரமேற்று விளையாட்டுகளுக்கு மாயப்பொருள் ஆக்குவது பற்றி முல்லைத்தீவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாபம் பிடித்த பொருட்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மந்திர வாளைப் பற்றி, பேசும் கத்தியைப் பற்றி, போட்டால் கழற்ற முடியாத மோதிரத்தைப் பற்றி. இதையெல்லாம் ஒரு விளையாட்டுக்காக எப்படி உண்டாக்குவது என்பதே இன்றைய பொருள். "இதுக்கெல்லாம் ஒரு சொற்பொழிவா?" என்று முன்வரிசையில் ஒரு ஐயா முகத்தைச் சுளிக்கிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். கண்ணகியின் சிலம்பில் தொடங்கப் போகிறேன். பிறகு எழுந்து போகத் தோன்றினால் போங்கள்.

பெரியவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பாத்திரமேற்று விளையாட்டு என்பது எழுதி வைக்காத கூத்து. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருத்தி வேடுவச்சி, ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் கள்ளன். அண்ணாவியாரின் இடத்தில் கதை நடத்துபவர் ஒருவர். "முன்னால் ஒரு பாழ்ங்கிணறு. உள்ளேயிருந்து மணிச்சத்தம் வருகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது பக்கம் கொண்ட பகடை தீர்மானிக்கும். இந்த ஆட்டத்துக்கு 1974-இல் அச்சில் வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

அந்த முதற்பதிப்பிலேயே சாபவாள் இருந்தது. அதன் பெயரை அப்படியே சொல்கிறேன்: சாபவாள், கழித்தல் இரண்டு. அவ்வளவுதான்! அந்த வாளை எடுத்தவர் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் பகடையில் விழுந்த எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். கைகாக்ஸ் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் சொல்லுங்கள், இது சாபமா? வரி கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யார் சபித்தார்? ஏன் சபித்தார்? யாரைச் சபித்தார்? எதுவரைக்கும்? இந்த நாலு கேள்விக்கும் விடை சொல்லாத பொருளை நான் என் மேசையில் சாபப்பொருள் என்று ஏற்றுக்கொள்வதில்லை. விடை சொல்கிற பொருள் இருந்தால் அதற்கு எண் தேவையில்லை. ஆடுகிறவர் அதைத் தொடுவதற்கு முன்பே கை நடுங்கும்.

சரி, சிலம்புக்கு வருவோம்.

இந்த மாவட்டத்தில் கோவலன் கூத்துப் பார்க்காத பெரியவர் இருக்கமாட்டார். முள்ளியவளையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விடியவிடிய ஆடிய கூத்து அது. கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு அதை ஒரு விளையாட்டு வடிவமைப்பாளரின் கண்ணால் பாருங்கள். பொருள் ஒன்று அல்ல, சோடி. ஒன்று விற்கப் போகிறது, மற்றது வீட்டில் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் ஒன்றுபோல. உள்ளே வேறு. அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். உண்மை பொருளுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் அதை வெளியே எடுக்க ஒரேயொரு வழிதான், உடைக்க வேண்டும். உடைத்தால் பொருள் போய்விடும். உடைக்காவிட்டால் நீதி போய்விடும். இதைவிட நல்ல புதிரை எந்த விதிநூலில் கண்டிருக்கிறீர்கள்?

ஆட்டங்களில் ஒரு பொருள் என்னவென்று அறிய ஒரு மந்திரம் வைத்திருப்பார்கள். மந்திரவாதி கையை ஆட்டினால் பொருளின் முழு விவரமும் வந்துவிடும். சிலம்பின் கதையைப் பாடிய இளங்கோவடிகள் அந்த வசதியைப் பாண்டிய அரசனுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மதுரை எரிந்திருக்குமா? சிலம்பு விற்க வந்த கோவலனே கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னதை அந்த அரசன் விசாரிக்காமல் நம்பினான். அங்கேதான் கதை திரும்புகிறது.

அப்படியானால் சிலம்பு சபிக்கப்பட்டதா? இல்லவே இல்லை! சாபம் கண்ணகியின் கணவன் கோவலன் மேலே. மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது நகரத்தின் தெய்வம் கண்ணகியிடம் வந்து அந்தக் கணக்கைச் சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரோடு சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்தவன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக முறையிட்டு அலைந்தாள். கேட்பார் இல்லை. மலையேறி விழும் முன், எங்களுக்குச் செய்தவர் இதையே அடையட்டும் என்று சபித்தாள். பொய்க் குற்றச்சாட்டுக்குப் பொய்க் குற்றச்சாட்டு, கைம்மைக்குக் கைம்மை. கண்ணகியும் பதினான்காம் நாள்தான் கணவனைச் சேர்கிறாள். சாபத்துக்கு அளவுகோல் இருக்கிறது, பாருங்கள். கழித்தல் இரண்டு எங்கே, நீலியின் பதினான்கு நாள் எங்கே?

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் பின்னால் போகிறது. வெடியரசன் கதை கேட்டவர்களுக்குத் தெரியும். கண்ணகியின் சிலம்புக்குள் இடுவதற்கு நாகமணி வேண்டும் என்று மீகாமன் கப்பலேறி எங்கள் கடலுக்கு வருகிறான். நெடுந்தீவு வெடியரசனோடு சண்டை. சிலம்பு செய்யப்படுவதற்கு முன்பே அதன் பரலுக்காக இரத்தம் சிந்தியாயிற்று. மதுரையில் உடைந்தது நம் கடலிலிருந்து போன மணி என்று நம் ஊர்க் கதைசொல்லி எழுதி வைத்துவிட்டான்! ஒரு பொருளுக்குப் பூர்வீகம் எழுதுகிற தம்பிமாரே, இவனிடம் படியுங்கள். கடையில் வாங்கிய மணி என்று அவன் எழுதவில்லை.

இனி மணிமேகலைக் காவியம். அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். விளையாட்டில் இப்படி ஒன்றைக் கொடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று வடிவமைப்பாளர்கள் பயப்படுவார்கள். எல்லையற்ற சக்தியை எப்படிக் கட்டுப்படுத்துவது? காவியத்தைப் பாடிய சாத்தனார் என்ன செய்தார் தெரியுமா? முதலில் அந்தப் பாத்திரம் ஆபுத்திரனிடம் இருந்தது. அவன் பசித்தவர்க்கெல்லாம் சோறு போட்டான். இந்திரனுக்குக் கோபம். பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை. பாண்டி நாட்டில் மழையைப் பெய்ய வைத்தான்! விளைச்சல் பெருகியது, பசி ஒழிந்தது, பாத்திரத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை. வளத்தாலேயே ஒரு மாயப்பொருளைத் தோற்கடித்த கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு ஆபுத்திரன் கப்பலேறினான். கப்பல் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்று பலர் கொள்வர். ஆளில்லாத் தீவில் தான் மட்டும் உண்ண அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்பட்டு, தகுந்தவர் கையில் சேர் என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் நீத்தான். பிறகு அது மணிமேகலை கைக்கு வருகிறது. அவளுக்கும் நிபந்தனை. முதற்பிச்சை ஆதிரை இட வேண்டும், அதன் பிறகுதான் அது சுரக்கும். ஒரு பொருளுக்கு இத்தனை வாசல்! ஒவ்வொரு வாசலும் ஒரு நாள் ஆட்டத்துக்குக் காணும்.

அதே காவியத்தில் காயசண்டிகை வருகிறாள். வானத்தில் பறக்கிற விஞ்சையர் குலப் பெண். ஆற்றங்கரையில் கிடந்த ஒரு நாவற்பழத்தைக் காலால் சிதைத்துவிட்டாள். அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கிற கனி. விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டுமே உண்கிறவர். சாபம் விழுந்தது. யானைத்தீ என்ற பெரும்பசி, பறக்கும் மந்திரமும் மறந்து போயிற்று. எதுவரைக்கும்? அடுத்த கனி பழுக்கும் வரைக்கும். அவர் பன்னிரண்டு ஆண்டு பட்டினி, அவளும் பன்னிரண்டு ஆண்டு பட்டினி. நாலு கேள்விக்கும் விடை அச்சொட்டாக இருக்கிறது. கடைசியில் மணிமேகலை இட்ட அமுதசுரபிச் சோற்றில் அந்தப் பசி தீர்கிறது. சாபத்தை ஒரு பாத்திரத்தோடும், பாத்திரத்தை ஒரு சாபத்தோடும் கோத்துவிட்டார் சாத்தனார்.

கர்ணனை மறக்கலாமா? பிறவிக் கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்து இந்திரனிடம் வாங்கிய வேல். ஒரே ஒருதரம்தான் எறியலாம். அர்ச்சுனனுக்காக வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் எறிய வேண்டி வந்தது. தமிழ்ப் பாரதத்தில் இன்னொன்றும் உண்டு. நாகாத்திரத்தை இரண்டாம் முறை தொடுக்கமாட்டேன் என்று அவன் குந்திக்குக் கொடுத்த வாக்கு. அந்த அம்புக்கு மறுபடியும் போகிற பலம் இருக்கிறது. தடை அம்பில் இல்லை, தாய்க்குக் கொடுத்த சொல்லில். விளையாட்டு எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு மூன்றுமுறைதான் பயன்படும் என்று விதிநூல் போடுகிற தடையை எந்த ஆட்டக்காரனும் கணக்காகத்தான் பார்ப்பான். அவனே வாய்திறந்து கொடுத்த வாக்கு தடையானால் அவன் தவிப்பான். நாங்கள் மேசையைச் சுற்றி இருப்பது அந்தத் தவிப்புக்காக.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன்.

வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்னால் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்த நீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டு போவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பிள்ளைகளிடம் கிழவியாக வந்த அம்மன், எண்ணெய் இல்லையென்றால் கடல்நீரை அள்ளி விளக்கேற்றச் சொன்னாள் என்பது ஐதீகம். "அண்ணை, அந்த விளக்கை ஆட்டத்தில வைக்கலாமோ?" என்று ஒரு தம்பி என்னைக் கேட்டான். வைக்கக்கூடாது என்றேன். சனம் நேர்த்தி வைத்து வணங்குகிற ஒன்றைப் பூதத்தின் பெட்டிக்குள் போட்டு, கள்ளன் வேடக்காரன் திருடுகிற பண்டமாக்குவது அழகில்லை. ஆனால் அந்த விளக்கின் வேலைப்பாட்டைக் கற்றுக்கொள்ளலாம். அங்கே பொன்னும் இல்லை, மணியும் இல்லை. இருப்பது ஒரு திரி, ஒரு குடம் உப்புநீர், குறித்த கரை, குறித்த வழி, சுமப்பதற்கென்று ஆட்கள். அற்புதம் பொருளில் மட்டும் இல்லை, அதைச் சுமந்து வருகிற வழிநெடுகிலும் இருக்கிறது. உங்கள் ஆட்டத்துக்கு வேறொரு கடல், வேறொரு குடம், வேறொரு வழி எழுதுங்கள்.

குமுழமுனைக்குப் போங்கள். ஆண்கள் அடக்க முடியாத கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதை இருக்கிறது. வேலப்பணிக்கனின் மனைவி. அவள் பெயரில் ஒப்பாரிப் பாட்டும் இருக்கிறது, மேடையேறிய கூத்தும் இருக்கிறது. வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கொடுத்த நாடு இது. யானை பிடிக்கும் பணிக்கர் கையில் இருந்த கருவி தோலில் முறுக்கிய வார்க்கயிறு, அவ்வளவுதான். அந்தக் கயிற்றை வைத்து நான் ஒரு பொருள் செய்தேன். எந்த மிருகத்தையும் கட்டும், பகடை உருட்டத் தேவையே இல்லை. ஒரு விதி மட்டும்: கட்டியவரே கட்டிய மிருகத்துக்குத் தீனி போட வேண்டும், தவறினால் கயிறு கட்டியவரின் கழுத்துக்கு வரும். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி துணிந்து பறவைநாகம் ஒன்றைக் கட்டிவிட்டாள். அதன் பிறகு புதையல் தேடுவது நின்றுபோய், எல்லோரும் ஊரூராக ஆடு வாங்கித் திரிந்தார்கள். அத்தனை சிரிப்பு! அரியாத்தையின் முடிவு அப்படிச் சிரிப்பதற்கில்லை. வெற்றிலையில் நஞ்சு வைத்து அவளைக் கொன்றார்கள் என்று கதை சொல்கிறது. யானை கட்டிய கைக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தது சொந்தச் சனம்.

வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் வாள் எங்கே என்று கேட்பீர்கள். 1803 ஆகஸ்ட் 25-ஆம் திகதி இதே முல்லைத்தீவில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தவர். பீரங்கிகளையும் கைப்பற்றினார். அதே ஆண்டு ஒக்டோபர் 31-ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேக்கின் படை அவரைத் தோற்கடித்தது. முல்லைமணி முதல் கலைஞர் கருணாநிதி வரை நாடகமாகவும் நாவலாகவும் எழுதிய வாழ்க்கை. அந்த வாளுக்கு அறுபது பேரை வெட்டும் மந்திரசக்தி கொடுக்கத் தம்பிமார் துடிக்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை. வாளுக்குச் சக்தி கொடுத்தால் மனிதருக்கு என்ன மிஞ்சும்? என் கண்ணில் கற்சிலைமடுவின் மாயப்பொருள் வாள் அல்ல, கல். இந்த இடத்தருகே வொன் டிறிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்து வைத்த நடுகல். அது எழுதப்பட்டது வென்றவரின் பெருமைக்காக. சனம் மாலை போடுவதோ தோற்றவருக்கு! எழுதியவர் நினைத்த வேலையைச் செய்ய மறுத்து, கல் எதிர்வேலை செய்கிறது. செய்தவரின் நோக்கத்தைப் புரட்டிப் போடுகிற பொருள் ஒன்றை உங்கள் ஆட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி, இந்த மண்டபத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். போர் பார்த்த இந்த மண்ணில் ஆயுதத்தை விளையாட்டுப் பொருளாக்கலாமா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். "ஆயுதம் எண்டாலே எனக்குக் கதை வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் நான் எதிர்வாதம் செய்யமாட்டேன். ஆனால் உங்கள் பேரப்பிள்ளை கைபேசியில் ஏற்கனவே சுட்டுக்கொண்டிருக்கிறான், அம்மா. அந்த ஆட்டத்தில் துவக்குக்கு விலை இல்லை. சுட்டவன் பெயரும் இல்லை, செத்தவன் பெயரும் இல்லை. செத்தவன் அடுத்த நிமிடம் எழும்பி ஓடுகிறான். நான் கேட்பது அதற்கு நேர்மாறான ஆட்டத்தை.

கண்ணகி மதுரையை எரித்தாளே, அந்தத் தீக்கு அவள் என்ன கட்டளை கொடுத்தாள்? அந்தணரை, அறவோரை, பசுவை, பத்தினிப் பெண்களை, முதியவரை, குழந்தைகளை விட்டுவிடு என்றாள். கணவனை இழந்து, முலையைத் திருகி எறிந்து, கோபத்தின் உச்சியில் நின்றவள், அந்த நேரத்திலும் யாரைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

மிதிவெடிக்கு அப்படி யாராவது சொல்லி அனுப்பினார்களா? புதைத்தவன் போய்விட்டான், சண்டை முடிந்துவிட்டது, அது மட்டும் மண்ணுக்குள் காத்திருக்கிறது. யாருக்காக? அதற்கே தெரியாது. மாட்டுக்கும் அதே, மனிதனுக்கும் அதே, 2009-இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைக்கும் அதே. யாரை, எதுவரைக்கும் என்ற கேள்விகளுக்கு விடையே இல்லாத சாபம் அது. இப்படியொரு சாபத்தைப் பழங்கதை சொன்ன எவனும் கற்பனை செய்யவில்லை. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில்.

விளையாட்டில் சாபநீக்கம் ஒரு மந்திரம். மந்திரவாதி ஒருமுறை சொன்னால் தீர்ந்தது. மிதிவெடி புதைந்து கிடந்த முகமாலையில் சாபநீக்கம் எப்படி நடந்தது? முழங்காலில் இருந்து, தலைக்கவசமும் முகமறைப்பும் போட்டு, வெயிலுக்குள் மண்ணை இரும்பு வாரியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிக் கிளறி. அந்த வேலை செய்தவர்களில் பலர் பெண்கள், அதே சண்டையில் குடும்பத்தை இழந்தவர்கள். வாள் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் வேடம் வைத்திருக்கிற விதிநூல்களில் இவர்களுக்கு ஒரு வேடம் உண்டா? நான் எழுதிச் சேர்த்திருக்கிறேன். அந்த வேடம் எடுப்பவர் சண்டை போடமாட்டார். அவர் துப்புரவாக்கிய நிலம் வரைபடத்தில் பச்சையாகும், அந்தப் பச்சையில் மற்றவர்கள் வீடு கட்டலாம், தோட்டம் செய்யலாம். முதலில் ஒருவரும் அந்த வேடத்தை எடுக்கவில்லை. இப்போது அதற்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

கடைசியாகக் கைவேலை பற்றிச் சில சொல். பொருளுக்குப் பெயர் வையுங்கள், கடைசியாக வைத்திருந்தவரின் பெயரையும் எழுதுங்கள். சாபத்தை ஒளிக்காதீர்கள். தெரியாமல் மாட்டிக்கொண்டவனுக்கு எரிச்சல்தான் மிஞ்சும், தெரிந்துகொண்டே எடுத்தவனிடம்தான் கதை இருக்கும். விலையைப் பொருளின் பலனோடு ஒட்டி வையுங்கள். தீர்வழியை முதலே எழுதி வையுங்கள், ஆனால் அது பகடையில் கிடைக்கக்கூடாது. யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்டுத்தான் தீர வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். பறவைநாகத்தோடு மோதத் தயங்காத பிள்ளைகள் அங்கே எப்படி நெளிவார்கள் என்று தெரியும்! ஒரு மேசைக்கு ஒரு சாபப்பொருள் போதும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்கூட ஒருவர் மூன்று மாயப்பொருளுக்கு மேல் தன்னோடு பிணைத்துக்கொள்ள முடியாது. எனக்கு மூன்றே அதிகம்.

அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். பக்கத்து அறையில் ஆறு மேசை போட்டிருக்கிறது, தேத்தண்ணியும் வடையும் வருகிறது. மேசைக்கு ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் ஒரு இடம், அந்த இடத்தில் ஒரு பொருள், அந்தப் பொருளுக்கு நாலு விடை எழுதிக்கொண்டுதான் பகடையைத் தொட வேண்டும். கதை நடத்த நாலு பேர் இருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும். முன்வரிசை ஐயா, நீங்கள் எழுந்து போகவில்லை. மூன்றாம் மேசைக்கு வாருங்கோ.